அண்ணி நிரப்பிய கட்டங்கள்

நாத்தனார் என்றால் அண்ணியைக் குறை சொல்லியே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இருந்தாலும் பத்தொன்பது வருடம் அந்தக் கடமையிலிருந்து நான் ஒருநாளும் தவறியதில்லை. அண்ணி நடப்பது மெதுவாக, பேசுவது அதைவிட மெதுவாக. ஒரு பொத்தான் தைக்கச் சொன்னால் முதலில் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிறகு துளைகளை எண்ணுவார். நான் தையல்கடை வைத்திருப்பவள். அரை நாளில் நான்கு சட்டை வெட்டித் தைத்துத் தேய்த்து அடுக்குகிறவள். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போகும்?

அண்ணிக்கு வேலை ஓர் ஆவண மாற்று நிலையத்தில். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பேட்டரி கடைக்கு மேலே, படியேறினால் வலது கைப்பக்கம் ஒரு நீள அறை, ஐந்து மேசை, ஆறு கணினி. அதில் இரண்டுதான் இந்தக் காலத்தவை. மற்ற நான்கும் பழைய மென்பொருள்களை ஓட்டுவதற்காகவே உயிரோடு வைத்திருக்கும் கிழங்கள். ஒன்றுக்கு மின்விசிறி சத்தம் போடும், ஒன்றைத் தட்டினால்தான் திரை வரும். என்றோ ஒரு மென்பொருளில் தட்டச்சு செய்த காகிதத்தை இன்றைய மென்பொருளில் திறக்கும்படி மாற்றித் தருவது அங்கே தொழில். ஒரு ஹேங்கரிலிருந்து இன்னொரு ஹேங்கருக்குச் சட்டையை மாற்றுகிற வேலை, அதற்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வேறு என்று நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன்.

விஷயம் அவ்வளவு எளிது இல்லை என்று பிற்பாடுதான் புரிந்தது. பழைய நாட்களில் கணினிக்குள் தமிழ் எழுத்துக்குச் சொந்த இடம் கிடையாது. எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கான கட்டங்களுக்குள் நம் எழுத்துகளைக் குடிவைத்தார்கள். ஒருவர் ‘அ’வை வைத்த கட்டத்தில் இன்னொருவர் ‘ழ’வை வைத்தார். கேட்பார் யார்? அந்த எழுத்துரு உள்ள கணினியில் எல்லாம் அழகான தமிழாகத் தெரியும். அது இல்லாத கணினியில் திறந்தால் கேள்விக்குறியும், தலையில் புள்ளி வைத்த அந்நிய எழுத்துகளும், வெற்றுச் சதுரங்களுமாகக் கொட்டும். “கட்டம் கட்டமா வருதுங்க” என்று சொல்லிக்கொண்டே ஆட்கள் படியேறி வருவதால் அந்தத் தெருவில் அண்ணிக்குக் ‘கட்டக்கா’ என்றே பெயர்.

அண்ணியிடம் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு பக்கம். பக்கத்தில் குறுக்கே பதினாறு, நெடுக்கே பதினான்கு, ஆக இருநூற்று இருபத்துநான்கு கட்டம். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது என்று பென்சிலால் நிரப்புவார். நிரப்பி முடித்து, கணினிக்கும் அந்தப் பட்டியலைக் கற்றுக்கொடுத்து, காகிதத்தை மாற்றி எடுப்பார். அதோடு விடமாட்டார். அந்தக் காகிதம் யாரைப் பற்றியதோ அவரையே எதிரில் உட்காரவைத்து முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். “தாள்ல இருக்கற ஆளு காதால கேக்கணும். அவங்களுக்குத் தெரியாத தப்பா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?” என்பார்.

பேருந்து நடத்துநர் ஒருவர் இப்படித்தான் தன் பணிப்பதிவேட்டைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் எழுந்தேவிட்டார். “ஏங்க, நான் ரெண்டு தடவதானே சஸ்பெண்ட் ஆனேன்? மூணுன்னு போட்டிருக்கே!” என்று ஒரே கூச்சல். பார்த்தால் அந்த எழுத்துருவில் எண்கள் எல்லாம் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தன. அவருடைய பிள்ளைகளிலும் ஒன்று கூடியிருந்தது. இந்தக் கதையை அண்ணன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் சிரிக்கமாட்டேன். ஒரு தாளைப் படித்துக் காட்ட முக்கால் மணி நேரமா என்றுதான் கேட்பேன்.

இனி என் உடம்புக்கு வருகிறேன், கதை அங்கேதான் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதற்கும் முன்னால், எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கத்துக்குப் போட்ட மருந்துகளில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் மேசையிலேயே என் இதயம் நின்றுபோனது. இரண்டு நிமிடம் நான் இல்லை. பிறகு எப்படியோ இழுத்துப் பிடித்துவிட்டார்கள். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் டாக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. உடம்பு தேறியதும் நான்கு நாள், ஒவ்வொரு மருந்தாகத் தோலுக்கடியில் ஒரு பொட்டு ஏற்றிப் பார்த்து, எட்டு மருந்துகளுக்கு ஓர் அட்டவணை தட்டச்சு செய்து கையில் கொடுத்தார். எது ஆகும், எது ஆகாது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே அடையாளம். “இதப் பத்திரமா வெச்சுக்கோம்மா. இது தாள் இல்ல, உன் உயிரு” என்றார்.

நான் அதைப் பத்திரமாகத்தான் வைத்தேன். கடையில், மாதிரி வெட்டும் காகிதக் கட்டுக்குள். தாள் நல்ல கெட்டித்தாள். அவசரத்தில் ஒருநாள் அதை எடுத்துக் காலருக்கான அளவு மாதிரியாக வெட்டிவிட்டேன். இரண்டு வருடம் அந்தக் காலரை வைத்து ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்திருக்கிறேன். என் உயிரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே கணக்குத் தெரியாது.

போன வருடம் பித்தப்பையில் கல் என்று கண்டுபிடித்தார்கள். அது குழாய்ப் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டது, ஒரு மாதத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்றார்கள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து டாக்டர், முப்பது வயதுகூட இருக்காத அந்தப் பெண், என் பழைய கதையைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். “எந்த மருந்துன்னு தெரியாம நான் ஊசியைக் கையில எடுக்க மாட்டேங்க. அந்தத் தாள் வேணும்” என்றார்.

பழைய சின்ன ஆஸ்பத்திரியை எப்போதோ இந்தப் பெரியது சேர்த்துக்கொண்டுவிட்டது. அதன் நோயாளித் தாள்கள் கணினிக் கோப்புகளாக, திறக்க வழியில்லாமல், ஆவண அறையில் கிடந்தன. அறுநூற்றுச் சொச்சம். அவற்றை மாற்றித் தரும் வேலை அதே மாதம் எந்த நிலையத்துக்கு வந்திருந்தது தெரியுமா? பேட்டரி கடைக்கு மேலே. “உன் தாள முதல்ல எடுக்கறேன்மா” என்றார் அண்ணி. ஒரு நாளில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வலி ஒரு பக்கம், பொறுமையில்லாமை மறுபக்கம், நானே படியேறிப் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவதுதான் திட்டம். அறையில் அண்ணி மட்டும் இருந்தார். மேசை நிறையக் கிறுக்கல் அச்சிட்ட தாள்கள்.

“என்ன அண்ணி, என் கல்லு வளர்ந்து பெரிய மனுஷனாகட்டும்னு காத்திருக்கீங்களா?”

“உக்காரும்மா. இந்த எழுத்துரு எங்கயும் கிடைக்கல. அந்த ஆஸ்பத்திரிக்குன்னே யாரோ தனியா செஞ்சு குடுத்திருக்காங்க. செஞ்சவரும் இல்ல, அந்தக் கம்ப்யூட்டரும் இல்ல. இந்தக் கிறுக்கல் மட்டும்தான் இருக்கு.”

“அப்ப முடியாதா?”

“யாரு சொன்னா முடியாதுன்னு? எழுத்தெல்லாம் எங்க போயிடும்? இதுக்குள்ளதான் உக்காந்திருக்கு. யாரு யாருன்னுதான் தெரியல.”

ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். தலைப்பில் எட்டு உருக்கள், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லாத கோணல்மாணல்கள். “எல்லாத் தாளோட தலையிலயும் இதே எட்டு இருக்கு. ஒண்ணாவதும் ஆறாவதும் ஒரே ஆளு, பாத்தியா? ஆஸ்பத்திரித் தாளோட தலையில என்ன சொல்லு இருக்கும்?”

“மருத்துவமனை” என்றேன், ஏதோ சிறுபிள்ளைக் கணக்குப் போல.

“எண்ணிப் பாரு. ம, ரு, த், து, வ, மறுபடியும் ம. பழைய எழுத்துருல ஐகாரக் கொம்பு தனியா முன்னாடி வந்து நிக்கும், அது ஏழாவது. பின்னாடி ன, எட்டாவது.” பென்சிலை எடுத்து நோட்டில் ஏழு கட்டங்களை நிரப்பினார். “ஏழு பேரப் பிடிச்சாச்சு. இவங்க மத்தவங்களக் காட்டிக் குடுத்துடுவாங்க.”

காட்டிக்கொடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். “இது எந்தச் சொல்லுலயும் முதல்ல வரவே இல்ல, எவனாவது ஒருத்தன் பின்னாடியே வருது, அப்ப இது கால். இது எந்தச் சொல்லுலயும் கடைசில நிக்கல, யாருக்காவது முன்னாடிதான் நிக்குது, அப்ப இது ஒத்தக்கொம்பு.” எழுத்துகளை அண்ணி ஆட்களைப் பேசுவதுபோலப் பேசினார். யார் முந்துவார், யார் தயங்குவார், யார் யாரோடு சேரமாட்டார் என்று எல்லாருடைய குணமும் அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. சில கட்டங்களை அழித்து மறுபடி எழுதினார். ஒரு தடவை இருபது நிமிடம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அட, நீயா?” என்று தனக்குள் சிரித்தார்.

பிறகு பட்டியலைக் கணினிக்குக் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் இருந்த குப்பை ஒரு நொடி அசைந்தது. ‘நோயாளி பெயர்’ என்று தமிழில் ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் என் பெயர். இருபத்திரண்டு வருடம் முன்னால் யாரோ தட்டிய என் பெயர், யாராலும் படிக்க முடியாமல் அத்தனை காலமும் அங்கேயே காத்துக்கொண்டிருந்த என் பெயர்.  சொல்ல வந்த நாலு வார்த்தையும் மறந்தே போயின. வாயைத் திறந்து பாராட்டியிருக்கலாம். நாத்தனார் புத்தி, “பரவாயில்லையே” என்றேன்.

அட்டவணையின் கடைசிப் பத்தியில் இருந்த அடையாளங்கள் மட்டும் இந்த எழுத்துருவைச் சேர்ந்தவை அல்ல. அவை படங்களுக்கென்றே பழைய மென்பொருளோடு வந்த இன்னொரு எழுத்துருவில் இருந்தவை. புதிய மென்பொருள் தானாகவே கேட்டது, இதற்கு இணையானது என்னிடம் இருக்கிறது, மாற்றிக்கொள்ளட்டுமா என்று. மூன்று வாரம் ஒவ்வோர் எழுத்தோடும் மல்லுக்கட்டிய அண்ணிக்கு, தானாக நீண்ட கை அது ஒன்றுதான். ‘சரி’ என்று அழுத்தினார். டிக்கும் பெருக்கலும் பளிச்சென்று வந்து நின்றன. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பட்டியலை வைத்து என் தாளோடு சேர்த்து முதல் தவணையாக நூற்று நாற்பத்துமூன்று தாள்கள் ஆஸ்பத்திரிக்குப் போயின. மயக்க மருந்து டாக்டர் என்னுடைய முதல் பக்கத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மயக்கத்துக்கான மருந்து அஞ்சுல நாலு உங்களுக்கு ஆகாது. ஒண்ணே ஒண்ணுதான் ஆகும். இப்படி ஒரு உடம்ப நான் பாத்ததே இல்லைங்க. பரவாயில்ல, அந்த ஒண்ண வெச்சே முடிச்சுடலாம்.” எனக்குத் தலைகால் புரியவில்லை. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் என் உடம்பின் அருமையைச் சொல்லிக்கொண்டேன். டாக்டரே பார்த்ததில்லையாம்!

அண்ணி வழக்கம்போலத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “ஒரு தடவ படிச்சுக் காட்டிடறேன்மா.” எனக்கு வேலை இருக்கிறது என்றேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று மறுபடி வந்தார். “என் உடம்பு எனக்குத் தெரியாதா அண்ணி? நீங்க போய்ப் படுங்க” என்று விரட்டினேன். அவர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அப்படிப் பேசிய வாயை இப்போது நினைத்தாலும் அறையவேண்டும்போல இருக்கிறது.

அறுவை சிகிச்சை அன்று காலை ஒன்பதரைக்கு. எட்டு மணிக்கே பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். அண்ணன் கீழே பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தார். அண்ணி கட்டிலருகே வந்து, “இப்பவாவது?” என்றார்.

“படிங்க. தண்ணிகூட குடிக்கக் கூடாதாம். எனக்கு வேற என்ன வேலை?”

படித்தார். வயது, எடை, குடல்வால், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஐந்து மயக்க மருந்து. பெருக்கல், பெருக்கல், பெருக்கல், டிக், பெருக்கல். பெருமையாகவே கேட்டேன். பக்கத்தைத் திருப்பினார். சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் மருந்துகள் மூன்று. “பாரசிட்டமால். பெருக்கல். ஆகாது.”

நான் சிரித்துவிட்டேன். “அதெப்படி? முந்தாநாள்கூட தலைவலிக்குப் போட்டேனே.”

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. “அதுக்கு முன்னாடி?”

“வருஷக்கணக்கா போடறேன். நல்லா கேக்கும்.”

“தடிப்பு, அரிப்பு, மூச்சு முட்டறது?”

“ஒண்ணும் கிடையாது.”

அண்ணி தாளையே பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. ஏழு பெருக்கல், ஒரு டிக். ஏழு, ஒன்று. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, “ரெண்டும் கட்டம் மாறி உக்காந்திருக்கா?” என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. எனக்கு அது உள்ளே இறங்க ஒரு கணம் ஆனது. கட்டம் மாறியிருந்தால் ஏழு மருந்து எனக்கு ஆகும், ஒன்று ஆகாது. அந்த ஒன்றைத்தான் இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் எனக்குப் போடப்போகிறார்கள். 

அண்ணி ஓடினார். பத்தொன்பது வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பு கட்டிலடியிலேயே கிடந்தது.

அதற்குள் தள்ளுகட்டில் வந்துவிட்டது. என் பேச்சை யார் கேட்கிறார்கள்? தள்ளிக்கொண்டு போய் ஆபரேஷன் அறை வாசலில் நிறுத்தினார்கள். நல்லதாகப் போயிற்று, அண்ணியும் மயக்க மருந்து டாக்டரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். டாக்டருக்குப் பின்னால் ஒரு தட்டு, தட்டில் பெயர்ச்சீட்டு ஒட்டிய ஊசிகள் வரிசையாக.

“ஒரு மாத்திரைய வெச்சு முழுத் தாளையும் தலைகீழாப் படிக்க முடியாதுங்க” என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்த ஒரு வரிய மட்டும் அன்னிக்கு டைப் பண்ணவர் தப்பாப் போட்டிருக்கலாம். இல்ல, அந்த ஒவ்வாமை காலப்போக்குல போயிருக்கலாம். நீங்க சொல்றத நம்பி மத்த நாலுல ஒண்ணக் குடுத்து, அது தப்பாப் போனா? ஒத்திப்போடவும் வழியில்ல. ஸ்கேன்ல கல்லு குழாய் வாசல்ல நிக்குது.”

“தப்பு அவர் பண்ணலைங்க. நான் பண்ணேன்.” அண்ணியின் குரல் உயரவே இல்லை. “எனக்குக் கால் மணி நேரம் குடுங்க. நிரூபிச்சுக் காட்டறேன். நான் மாத்திக் குடுத்ததுல ஆம்பளைங்க தாள் ஒரு டஜன் வேணும், பிரசவ வார்டுத் தாள் ஒண்ணும்.”

“ஆம்பளைங்க தாளா? எதுக்கு?”

“எல்லாருக்கும் ஒரே படிவம், அதே டிக், பெருக்கல்தாங்க. மூணாவது வரியப் பாக்கணும், இவ தாள்ல அத நிரப்பாம விட்டிருக்காங்க.”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆவண அறைக்கு ஆள் போனது. அந்தக் கால் மணி நேரம் நான் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். வாழ்நாளில் என் வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்தது கிடையாது. ஆவண அறை எழுத்தர், கனத்த உடம்புக்காரர், மூச்சு வாங்கப் படியேறி ஒரு கத்தைத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

டாக்டர் முதல் தாளின் மேல் வரிகளைப் படித்தார். “ஆண். வயது அறுபத்திரெண்டு. கர்ப்பமா...” நிறுத்தினார். “டிக்.”

அடுத்த தாள். “ஆண். நாற்பத்தஞ்சு. கர்ப்பமா, டிக்.” அடுத்தது. “ஆண். எழுபத்தொண்ணு. டிக்.” படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. பன்னிரண்டு ஆண்கள். பன்னிரண்டு பேரும் கர்ப்பிணிகள். எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணி சிரிக்கவில்லை. அடியில் இருந்த பதின்மூன்றாவது தாளைக் காட்டினார். “இது ஒண்ணு மட்டும் பொம்பள. பிரசவ வார்டு. ரெட்டைப் பிள்ளை பெத்தவங்க.” டாக்டர் பார்த்தார். கர்ப்பமா என்பதற்கு எதிரே பெருக்கல்.

 டாக்டர் திரும்பி, தட்டிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, அதன் சீட்டைப் படித்து, மருந்தைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, ஊசியைக் குப்பைப் பெட்டியில் போட்டார்.  “வேற தட்டு போடுங்க” என்றார் உள்ளே பார்த்து.

அண்ணி என்னிடம் குனிந்தார். “நான்தாம்மா சரின்னு அழுத்துனேன். எழுத்தையெல்லாம் சந்தேகப்பட்டேன், இது ரெண்டையும் சந்தேகப்படல. பாக்க அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. மன்னிச்சுக்கோ.”

“ரெண்டு தடவ படிச்சுக் காட்ட வந்தீங்க அண்ணி. துரத்தினது யாரு?”  கட்டிலை உள்ளே தள்ளும்வரை அவர் கையை விடவில்லை. என்ன மனுஷி இவர் என்று என் மனம் அடித்துக்கொண்டது. நொறுங்கிக் கிடந்த குப்பையிலிருந்து என் பெயரைத் தோண்டி எடுத்தவர், தான் செய்த தப்பைத் தானே பிடித்து, அதை ஊரறிய ஒப்புக்கொண்டு, பன்னிரண்டு கர்ப்பிணி ஆண்களைச் சாட்சிக்கு அழைத்து வந்து நிறுத்தியவர். பத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன், இவரைப் பார்த்ததே இல்லை.

கண் விழித்தபோது மாலை. வயிற்றில் கட்டு, கையில் சொட்டுமருந்து, உயிர் இருந்த இடத்தில் இருந்தது. அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணி எங்கண்ணா?”

“உன்ன வெளிய கொண்டுவந்து, நீ மூச்சு விடறதப் பாத்துட்டு கீழ போனா. ஆவண அறையில இருக்கா. கூப்பிட்டா வரமாட்டேங்கறா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நூற்று நாற்பத்துமூன்று தாள். எல்லாம் அதே பட்டியல். நான் என் ஒரு தாளை மட்டுமே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

மறுநாள் மாலைதான் அண்ணி வந்தார். கண் சிவந்திருந்தது, விரல் நுனியெல்லாம் மை. உட்காரவில்லை. “எல்லாத் தாளையும் திருப்பி வாங்கிட்டேன். மருந்து அட்டவணை இருந்தது ஒம்போது பேருக்கு. உன்னச் சேக்காம எட்டு. ஏழு பேருகிட்ட பேசியாச்சு, புதுத் தாளும் போயிடுச்சு. ஒருத்தங்க மட்டும் போன் எடுக்கவே இல்ல. விசாரிச்சா இங்கயே இருக்காங்க. இதே மாடி, பதினேழாம் கட்டில். நாளைக்குக் காலையில ஆபரேஷன்.”

“ஐயோ! டாக்டருக்கு?”

“சொல்லியாச்சு. தாளையும் மாத்தியாச்சு. அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும், அதான் போறேன்.”

நானும் வருகிறேன் என்றேன். நர்ஸ் திட்டினார். சொட்டுமருந்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அண்ணியின் வேகத்தில் நடந்தேன். முதல்முறையாக அந்த வேகம் எனக்குச் சரியாக இருந்தது.

பதினேழாம் கட்டிலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கைப்பேசிச் சார்ஜருக்கு ஒயர் எட்டவில்லை என்று யாரிடமோ சலித்துக்கொண்டிருந்தார். அவர் கைப்பேசி ஏன் எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. எங்களைப் பார்த்து, “யாரைத் தேடறீங்க?” என்றார். நாளைக் காலைக்குள் தனக்கு என்ன நடக்க இருந்தது என்று அந்த முகத்துக்குத் தெரியாது. நேற்றுக் காலை எட்டு மணிக்கு என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். 

அண்ணி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வயதிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் பாதிக் கவனத்தோடு ஒயரை நீவிக்கொண்டே கேட்டார். மருந்துகள் வந்தன. ஆகும், ஆகும், ஆகும். ஆறாவது வரியில் அண்ணி மருந்தின் பெயரைச் சொல்லி, “ஆகாது” என்றார்.

ஒயர் அவர் கையிலிருந்து விழுந்தது.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

அண்ணி அந்தப் பெயரை மறுபடி சொன்னார்.

“இதுதான். இந்தப் பேருதான்.” அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “இதப் போட்டுத்தான் அன்னிக்கு என் மூச்சு நின்னுச்சு. பேரு மறந்துபோய் எத்தன வருஷம் தவிச்சிருக்கேன்! கேக்கறவங்களுக்கெல்லாம் தெரியல, தெரியலன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“தாள்ல இருந்துச்சும்மா” என்றார் அண்ணி, அடுத்த வரிக்குப் போனார்.